புஷ்பம் அக்காவைப் பாதி வழியில் இறக்கப் பார்த்த பாட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நடுவழியில் நிறுத்தினேன்.

டயர் நன்றாக இருந்தது. பிரேக் நன்றாக இருந்தது. மண் சரியவில்லை, மரம் விழவில்லை. ஒரு பாட்டுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது... அதனால் நின்றது.

சிரிக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் இலங்கை மலைநாட்டில், பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் காலை பஸ்ஸை ஓட்டுகிறவன் நான். கண்டக்டர் ஜெகன். பாட்டுப் போடுவது அவன் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு முன்னால் பென் டிரைவில் புதிதாக ஒன்று கொண்டுவந்தான். பதுளைப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து போட்ட ராக் பாட்டு. தமிழ்ப் பாட்டுதான். முதலில் கிட்டார் மட்டும் தனியாக இழுக்கும். அப்புறம் டிரம்ஸ் வந்து விழும் பாருங்கள் – ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடும்.

முதல் நாள் எல்லோரும் திட்டினார்கள். தகரத்தை மலையிலிருந்து உருட்டிவிட்ட மாதிரி இருக்கிறது, நிறுத்து என்றார்கள். ஜெகன் நிறுத்தவில்லை. இரண்டாம் வாரம் யாரும் திட்டவில்லை. மூன்றாம் வாரம் அவன் போட மறந்தபோது ஏன் போடவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள்.

பாட்டில் மொத்தம் நாலு வரி. அதையே திருப்பித் திருப்பிப் பாடுவான்.

*வெளக்கமாற கீழ வை, கொஞ்சம் பொறு*
*என் தூசி இன்னும் அடங்கல*
*நான் போயிட்டேன்னு யாரு சொன்னா?*
*என் தூசி இன்னும் அடங்கல*

அவ்வளவுதான். யார் பாடுகிறான்? யாரிடம் பாடுகிறான்? எங்கே போனான், ஏன் போனான்? ஒன்றும் இல்லை.

சினிமாப் பாட்டு வேறு. அங்கே ஹீரோ பாடுகிறார், ஹீரோயின் ஓடுகிறார். நமக்கு நிற்கக்கூட இடம் கிடையாது. இந்தப் பாட்டில் சீட்டெல்லாம் காலி. ஏறியவர்கள் எல்லோரும் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஜெகனுக்கு அது காதல் பாட்டு. ஒரு பெண் அவனைப் போனில் பிளாக் செய்த மாதம் அது, வேறென்ன தோன்றும்? சுகந்தி என்று ஒரு பிள்ளை. ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தை மூன்றாம் தடவையாக எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். பெயிலானவர்களுக்கென்றே எழுதிய பாட்டு இது என்று அடித்துச் சொன்னாள்.

பலீல் நானாவுக்குப் பண்டாரவளையில் துணிக்கடை. ரோட்டை அகலமாக்க வந்தவர்கள் முன்பக்கத்தை இடித்துவிட்டார்கள். இப்போது பின் சந்தில் வியாபாரம். தோட்டம் தோட்டமாகச் சேலை கொண்டுபோய்க் காட்டிவிட்டு என் பஸ்ஸில்தான் திரும்புவார். அவர் சொன்னது இதுதான்:

"இது முழுக்க நம்மட கடப் பாட்டு. நான் போயிட்டேன்னு ஊரே சொல்லுது. நான் பின்னுக்குத்தானே ஈக்கிறேன்."

ஜெகனும் அவரும் இதற்காக ஒரு நாள் வழி நெடுகச் சண்டை போட்டார்கள். இறங்க வேண்டிய இடத்தை நானா தாண்டிப் போய்விட்டார். ஒரு கிலோமீட்டர் திரும்ப நடந்தார். நடக்கும்போதும் பாடிக்கொண்டுதான் போனார்.

புஷ்பம் அக்கா மட்டும் இந்தச் சண்டையில் சேரவில்லை.

தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். என் சீட்டுக்கு நேர் பின் சீட். முதல் ஒன்றரை மாதமும் அந்தப் பாட்டைக் கேட்டதோடு சரி. ஒரே ஒரு நாள் ஜெகனிடம், அதை இன்னொரு தடவை போடு என்றார். எனக்கு விளங்கிவிட்டது.

ஏனென்றால் அவர் கதை எனக்குத் தெரியும். நான் அதில் இருந்தேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவர் மகள் மலர் வீட்டை விட்டுப் போனாள். மொனராகலைப் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு சிங்களப் பையனோடு கல்யாணம். திருட்டுத்தனமாகப் போகவில்லை. காலையில் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, தோட்டத்து லயத்தில் தங்கள் வீட்டு வாசலில் இறங்கி வந்து என் பஸ்ஸில் ஏறினாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பயணம் போனால் உடனே வாசலைக் கூட்டமாட்டோம். அவர்கள் போய்ச் சேரட்டும் என்று அப்படியே போட்டிருப்போம். ஆள் போன கையோடு கூட்டுவது ஒரே ஒரு பயணத்துக்குத்தான். பிணம் எடுத்த பிறகு.

புஷ்பம் அக்கா அன்றைக்கு விளக்குமாற்றை எடுத்தார். பஸ் வளைவுகூடத் திரும்பவில்லை, அதற்குள் கூட்ட ஆரம்பித்துவிட்டார். மலர் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நான் கண்ணாடியில் பார்த்தேன்.

நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை.

நாலு வருடம் அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசவில்லை. மலருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று சந்தையில் யாரோ சொன்னார்கள். அதற்கும் இவர் அசையவில்லை. அப்புறம் இந்தப் பாட்டு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அதக் கேட்டதுல இருந்து காலையில வெளக்கமாற கையில எடுக்க முடியல தம்பி. அவதான் பாடுறா."

ஆண் குரல்தானே என்று நான் கேட்கவில்லை.

போன ஞாயிறு, சந்தை நாள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. புஷ்பம் அக்கா நல்ல சேலை கட்டி ஏறினார். மடியில் ஒரு பை. குழந்தைக்கு இரண்டு சட்டை, ஒரு போத்தல் நல்லெண்ணெய், ஒரு பாக்கெட் தேத்தூள். பண்டாரவளையில் இறங்கி மொனராகலை பஸ் பிடிக்கப் போகிறார் என்று நான் கேட்காமலே தெரிந்தது.

மூன்றாவது பஸ் ஹோல்ட்டில் ஒரு பையன் ஏறினான். முதுகில் கிட்டார் பை.

ஜெகன் அவன் முகத்தைப் பார்த்தான். போனில் இருந்த ஒரு படத்தைப் பார்த்தான். திரும்ப முகத்தைப் பார்த்தான். டிக்கெட் கொடுக்க மறந்துவிட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான்.

"அண்ணே... அவன்தான்."

எவன் என்று கேட்டேன்.

"பாட்டுக்காரன்!"

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? கிரிக்கெட் கப்பை ஜெயித்துக் கையில் கொண்டுவந்த மாதிரி ஆகிவிட்டது பஸ். ஒருவர் எழுந்து சீட் கொடுத்தார். ஒருவர் அவித்த சோளம் கொடுத்தார். ஜெகன் பாட்டைப் போட்டான், சவுண்டை முழுக்கத் திருகினான். டிரம்ஸ் விழுந்தது. ஒரு பஸ் முழு ஜனமும் ஒரே குரலில், "நான் போயிட்டேன்னு யாரு சொன்னா?" கீழே பள்ளம், மேலே தேயிலை, நடுவில் என் பஸ் அலறிக்கொண்டு போகிறது. ஸ்டியரிங்கில் என் விரல் தானாகத் தாளம் போட்டது. இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறேன், அப்படி ஒரு பயணம் ஓட்டியதில்லை.

அந்தப் பையன் பெயர் நிரோஷ். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களில் தன் பாட்டைப் பாடுவார்கள் என்று அவனுக்கு யார் சொன்னது?

பாட்டு முடிந்ததும் ஆளாளுக்கு அவனிடம் அர்த்தம் சொன்னார்கள். காதல், கணக்குப் பாடம், கடை. அவன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். பலீல் நானா விடுவாரா?

"இப்ப நீங்களே சொல்லுங்க மகன். யாருட்டது சரி?"

பையன் வேண்டாம் என்றுதான் சொன்னான். விடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டான். பதுளையில் ஒரு சின்ன மண்டபத்து ஹோலில் அவர்களுடைய முதல் கச்சேரி. வந்தது எட்டுப் பேர். அதில் நாலு பேர் இவர்களுடைய கூட்டாளிகள். இவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஹோலைப் பார்த்துக்கொள்கிற ஆள் பின்னாலிருந்து கூட்ட ஆரம்பித்துவிட்டாராம். தூசி மேடை வரைக்கும் வந்ததாம். இவனுக்குக் கோபம் வந்து, வாயில் வந்ததை அந்த இடத்திலேயே பாடினானாம்.

"அந்த ஆளப் பாத்து பாடுனதுதாங்க. வேற அர்த்தம் ஒண்ணும் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. பலீல் நானா அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். சுகந்தி கணக்குப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். படிக்கவில்லை. ஜெகன் டிக்கெட் புத்தகத்தை எடுத்தான், வைத்தான். டயரில் காற்று இறங்குவது ஓட்டுகிறவனுக்கு உட்கார்ந்த இடத்தில் தெரியும். அப்படி இருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். புஷ்பம் அக்கா பையின் வாயை முடிந்துகொண்டிருந்தார்.

"தம்பி, அந்த வளைவுல நிப்பாட்டுங்க."

மொனராகலைக்குப் போக வேண்டாமா என்றேன்.

"எதுக்கு? ஹோல் கூட்டுன கதைக்கா? நாலு வருசம் கழிச்சுப் போயி அவ மொகத்துல எப்படி முழிக்கிறது? எறக்கி விடுங்க. திரும்பி நடந்துக்கிறேன்."

நிறுத்தினேன். நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், அது தொழில். ஆனால் ஒன்று சொல்கிறேன் – அவ்வளவு மெதுவாக என் வாழ்நாளில் பிரேக் போட்டதில்லை. யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று.

அதற்குள் அவர் படிக்கு வந்துவிட்டார். ஒரு கால் கீழே. நிரோஷ் எழுந்து வந்தான். ஏன் அம்மா இறங்குகிறீர்கள் என்று கேட்டான். அவன் பதுளை டவுனில் வளர்ந்தவன். அவனுக்கு என்ன தெரியும்?

புஷ்பம் அக்கா அவனைப் பார்த்துச் சொன்னார். இறங்குகிற அவசரத்தில் இல்லாமல், நிதானமாக.

"எம் மக போன அன்னைக்கு, பஸ்ஸு வளைவு திரும்புறதுக்குள்ள வாசலக் கூட்டுனவ நானு. பொணம் போன வீட்டுல கூட்டுற மாதிரி. அவ பாத்துக்கிட்டே போனா."

பையனுக்கு முகம் மாறிவிட்டது.  

அக்கா மற்றக் காலையும் கீழே வைத்திருப்பார். வைக்கவில்லை.  திரும்பி அவனிடம் கேட்டார்.

"அந்த ஆளு... நீ பாடுனதும் கூட்டுறத நிப்பாட்டுனாரா?"

"நிப்பாட்டுனாருங்கம்மா. வெளக்கமாற செவுத்துல சாத்தி வச்சிட்டு பின்னால ஒக்காந்தாரு. கடைசிப் பாட்டு வரைக்கும் எந்திரிக்கல."

புஷ்பம் அக்கா கீழே வைத்த காலை மேலே எடுத்தார்.

"அப்ப நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்" என்றார். என் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்தார். "இந்தத் தம்பிக்கு எழுதத் தெரியுது. கேக்கத்தான் தெரியல. டிரைவர் தம்பி, வண்டிய எடுங்க. மொனராகலை பஸ்ஸு போயிரும்."

பஸ் வெடித்தது! வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. ஜெகன் தகரத்தில் தட்டினான், விசில் அடித்தான், பாட்டைத் திரும்பப் போட்டான். பலீல் நானா, அப்படியென்றால் என் கடையும் சரிதானே என்று நிரோஷின் தோளைப் பிடித்து உலுக்கினார். சரிதான் நானா, சரிதான் என்றான் அவன். எதிரே வாகனமே இல்லாத வளைவில் நான் ஹோர்ன் அடித்தேன். நீளமாக.

பண்டாரவளையில் மொனராகலை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் என் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த டிரைவர் திட்டினான். திட்டட்டும். அக்கா ஏறிவிட்டார்.

பாட்டை எழுதியவனுக்கு ஒரு அர்த்தம்தான். பாவம், அவன் ஒரே ஒரு ஆள். பஸ்ஸைக் கட்டியவன், யார் எங்கே இறங்க வேண்டும் என்று எழுதியா கொடுக்கிறான்?

புதன்கிழமை பின்னேரம் புஷ்பம் அக்கா திரும்பி வந்தார். அதே சீட். பையில் மொனராகலைக் கரும்பு நாலு துண்டு. எனக்கு ஒன்று, ஜெகனுக்கு ஒன்று. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.  குழந்தைக்குச் சட்டை சின்னதாகப் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

லயத்துக்கு இரண்டு வளைவு இருக்கும்போது அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பேசினார்.

"இன்னும் வந்து சேரல. ரெண்டு வளைவு இருக்கு. அதுவரைக்கும் வாசலத் தொடாத."

மறுமுனையில் யார் என்று கேட்க வேண்டுமா? காலையில் அம்மா கிளம்பியதிலிருந்து அங்கே மொனராகலையில் ஒரு வாசல் கூட்டாமல் கிடக்கிறது.

அக்காவை இறக்கிவிட்டேன். பஸ்ஸை எடுக்கவில்லை. யாரும் எடுக்கச் சொல்லவும் இல்லை. அவர் தன் வாசலில் போய் நின்றார், போனைக் காதில் வைத்தார்.

"சேந்துட்டேன். இப்பக் கூட்டு."

நீங்கள் கேட்பீர்கள், டிரைவரே, உமக்கு அந்தப் பாட்டு என்ன என்று. பஸ்ஸில் என் தலைக்கு மேல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது: சாரதியுடன் பேச வேண்டாம்.