பக்கத்து சீட்டைப் பார்க்கும் முள்

எங்கள் அத்தானை இந்தத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முள்ளுக்காரர் என்றால்தான் தெரியும். மீட்டரில் ஆடுகிற முள்ளைச் சொல்கிறேன். வேகத்தைக் காட்டவும் பெட்ரோலைக் காட்டவும் கார் வரும்போதே முள் வைத்து வருகிறது. எஞ்சின் ஆயில் எவ்வளவு சூடாக இருக்கிறது, என்ன அழுத்தத்தில் ஓடுகிறது என்று காட்ட முக்கால்வாசி வண்டிகளில் ஒன்றும் கிடையாது, ஒரு சிவப்பு விளக்கைத் தவிர. "அந்த லைட் எரிஞ்சா எஞ்சின் போச்சுன்னு அர்த்தம். போகப்போகுதுன்னு சொல்றதுக்கு முள்ளு வேணும்" என்பார் அத்தான். சூட்டுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று இரண்டு மீட்டரைத் தனியாக வாங்கிவந்து பொருத்திக் கொடுப்பது அவர் தொழில். தொழிலாக இருந்தது என்று சொல்ல வேண்டும்.

அவர் என் அக்காவின் புருஷன். அக்கா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் சமாதானத்துக்கு வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அக்கா கடைசியாக என்ன சொன்னாள்? அப்போது பக்கத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

அக்கா இருந்தவரை முள் வைப்பது இரண்டு பேர் வேலை. மீட்டரைப் பொருத்தியதும் வண்டியை மேட்டுச் சாலையில் ஏற்றி, ஆயிலை நன்றாகச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்காமல் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி பள்ளத்தில் கிடக்கும். அதனால் அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முள்ளைப் படித்துச் சொல்வாள். அவர் "எவ்வளவு?" என்பார். அவள் "சூடு எண்பது, பிரஷர் நாலு" என்பாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி "எவ்வளவு?" மற்ற புருஷன் பெண்டாட்டி ஊர்வம்பு பேசிக்கொண்டு போவார்கள், இவர்கள் நம்பர் பேசிக்கொண்டு போனார்கள். தன் சொந்தக் காரில் இரண்டு மீட்டரையும் அவர் பக்கத்து சீட்டைப் பார்க்கும்படியே திருப்பி வைத்திருந்தார்.

"ஏன் அத்தான், வண்டி ஓட்டுறது நீங்களா, அக்காவா?" என்று கேலி செய்திருக்கிறேன்.

"வண்டியை நான் ஓட்டுறேன். என்னை அவ ஓட்டுறா" என்று சிரிப்பார்.

அந்த மத்தியானம் நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். கார் சத்தமில்லாமல் வாசலில் வந்து நின்றது. அத்தான் கதவைக்கூட அடித்துச் சாத்தாமல் இறங்கி, உதட்டில் விரலை வைத்து, "மெதுவா, தூங்குறா" என்றார். நான் போய் அக்காவின் தோளைத் தொட்டேன். தொட்டதுமே தெரிந்துவிட்டது. அவளுக்கு இருதயம் கொஞ்சம் பலவீனம். திடீரென்று பிரஷர் இறங்கிக் கண் இருட்டும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தால் சரியாகிவிடும். அன்றைக்கு மாத்திரை அவள் கைப்பையில்தான் இருந்தது, திறக்கவே இல்லை. "தூங்குறான்னு நினைச்சேன்" என்று ஆஸ்பத்திரியில் அத்தான் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் அவள் என்ன சொன்னாள், ஏதாவது கேட்டாளா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுப் பார்த்தேன். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். வற்புறுத்தினால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அதோடு முள் வைப்பதை விட்டுவிட்டார். ஹாரன், ஹெட்லைட், வயரிங் என்று சில்லறை வேலைகள் மட்டும். இன்னொன்றும் நடந்தது. அவர் ஒர்க்‌ஷாப்பில் பிரஷர் என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. எதிர்ச் சந்து பெயிண்டர் ஒரு நாள், "அண்ணே, ஸ்ப்ரேக்குப் பிரஷர் பத்தல, கம்ப்ரசர் குடுங்க" என்று கேட்டதும், கையிலிருந்த ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் அன்றைக்குத் திரும்பவே இல்லை. டயருக்குக் காற்று, குழாய்க்குத் தண்ணி வேகம் என்று எல்லோரும் வேறு வேறு சொல் கண்டுபிடித்துக்கொண்டார்கள். பெண்டாட்டி போன வியாதியின் பேர், மனசு கேட்கவில்லை என்று தெரு பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இடித்தது. ஒரு தடவை சிக்னலில் என் பக்கத்தில் அவர் கார் வந்து நின்றது. உள்ளே அவர் மட்டும்தான். காலியாக இருந்த பக்கத்து சீட்டைப் பார்த்து அவர் உதடு அசைந்தது. பிறகு பதில் கேட்கிறவர் போல் தலையைச் சாய்த்துக்கொண்டார். பச்சை விழுந்து பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தும் அவர் நகரவில்லை.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மேட்டின் மேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நர்சுகளை ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. என் வண்டி பழசு. எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக், "அக்கா, இனிமே இதை நம்பி கண்ணை மூடிக்கிட்டு மேட்டுல ஏத்தாதீங்க. ஆயில் சூட்டுக்கும் பிரஷருக்கும் மீட்டர் வைங்க" என்றான். மீட்டர் வைக்க ஊரில் வேறு ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் இதைவிட நல்ல சாக்கு எனக்கு எப்போது கிடைக்கும்? மீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தானிடமே போனேன்.

"வேற ஆள்கிட்ட போ, சின்னவளே."

"போக மாட்டேன். நீங்கதான் வைக்கணும். எனக்கு முள்ளும் வேணும், பதிலும் வேணும்."

அவர் பெட்டியைத் திறந்து பிரஷர் மீட்டரைக் கையில் எடுத்தார். ஒரு துண்டு கறுப்பு டேப்பைக் கிழித்து, முகப்பில் அச்சடித்திருந்த அந்த வார்த்தையின் மேல் ஒட்டினார். நம்பரும் முள்ளும் மட்டும் தெரிந்தன. பிறகு வண்டிக்கு அடியில் புகுந்தார்.

வேலையில் அவர் மாறவே இல்லை. ஆயிலை வடித்துவிட்டு, அடியில் இருந்த வடிகால் போல்ட்டுக்குப் பதிலாக சூட்டு சென்சாரைப் பொருத்தினார். எஞ்சின் பக்கவாட்டில் சிவப்பு விளக்குக்கான ஸ்விட்சைக் கழற்றி, அங்கே மூன்று வாய் உள்ள ஒரு டீ ஜாயிண்ட் வைத்து, ஒரு வாயில் பழைய ஸ்விட்சையும் இன்னொரு வாயில் புது சென்சாரையும் முறுக்கினார். முள் வந்தாலும் விளக்கைக் கொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. ஆயில் கசியாமல் இருக்க மரையில் வெள்ளை டேப் சுற்றலாமே என்றேன், பெரிய மேதாவி போல. "சுத்தினா சென்சாருக்கு எர்த் கிடைக்காது, முள்ளு பொய் சொல்லும்" என்றார். அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொன்னதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். வயரை ரப்பர் வளையத்துக்குள் விட்டு உள்ளே இழுத்து, டேஷ்போர்டில் மீட்டர் இரண்டையும் திருகி முடித்தார்.

அப்போதுதான் இருவரும் பார்த்தோம். மீட்டர் இரண்டும் ஓட்டுகிறவர் பக்கம் திரும்பவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கைப்பழக்கம்" என்றார். "கழட்டித் திருப்பிடுறேன்."

"வேண்டாம். முதல்ல ஓட்டிப் பார்ப்போம்" என்று நான் ஓடிப்போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.

"அங்க உட்காராத. இறங்கு."

"ஓட்டுறவர் முள்ளைப் பார்க்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? வண்டியை எடுங்க அத்தான்."

எடுத்தார். ஊரைத் தாண்டி மேட்டில் ஏறினோம். முதல் வளைவு தாண்டியதும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் அறியாமலே அது அவர் வாயிலிருந்து வந்தது.

"எவ்வளவு?"

என்னிடம் கேட்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. சீட்டில் எனக்கு முன்னாலிருந்தே யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. ஆனாலும் பதில் சொன்னேன். "சூடு எழுபத்தஞ்சு, பிரஷர் நாலு." எனக்கும் அக்காவுக்கும் ஒரே குரல், போனில் எங்கள் அம்மாவே ஆளை மாற்றிப் பேசுவாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஓரத்தில் போய் நின்றது. அவர் ஸ்டியரிங்கை விடவே இல்லை.

"இதே மேடுதான்" என்றார். "வர்ற வழியில அவ சொன்னா. 'பிரஷர் இறங்குதுங்க'ன்னு சொன்னா."

நான் அவரையே பார்த்தேன்.

"நான் எட்டி மீட்டரைப் பார்த்தேன். நாலுல நின்னுச்சு. 'இல்லையே, சரியாத்தானே இருக்கு, முள்ளு பொய் சொல்லாதே'ன்னு சொன்னேன். அவ 'சரி'ன்னா. அப்புறம் சாஞ்சுக்கிட்டா. தூங்கட்டும்னு ரேடியோவைக் குறைச்சேன். இறங்குறது அவளுக்குன்னு எனக்குத் தோணவே இல்ல. தினமும் முள்ளைத்தானே சொல்லுவா. அன்னிக்கும் அதைத்தான் சொல்றான்னு நினைச்சேன்."

இத்தனை வருஷமாக அவரைத் திட்டுவதற்கு நான் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்றும் வாய்க்கு வரவில்லை. கோபம் வரவில்லை என்றால் பொய். வந்தது, யார் மேல் படுவது என்று தெரியாமல் நின்றது. அக்காவை எனக்குத் தெரியும். எதையும் இரண்டு தரம் சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒரு தரம் சொல்வாள், கேட்காவிட்டால் "சரி" என்று விட்டுவிடுவாள். எங்கள் வீட்டில் அவள் பங்குத் துணி, அவள் பங்கு ஜன்னலோரம் எல்லாம் எனக்கு வந்தது அந்தச் "சரி"யில்தான். அதை நினைத்ததும் அழுதுவிட்டேன். அத்தான் அழவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏத்திப் பார்த்துட்டுத் திரும்பணும். ஆயில் இன்னும் சூடாகல" என்றார். வேலையைப் பாதியில் விட அவருக்குத் தெரியாது. மேடு ஏறினோம். "எவ்வளவு?" என்று அவர் கேட்கவில்லை. நானும் மூக்கைச் சிந்திக்கொண்டு முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். சூடு தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு. உச்சியில் ஆஸ்பத்திரிக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன, நாங்களும் நின்றோம். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு டேப் ஒட்டிய மீட்டரில் முள் நாலிலிருந்து நழுவியது. மூன்று, இரண்டு, ஒன்றரை. சூடான ஆயிலில் வண்டி சும்மா நின்றால் முள் இறங்கத்தான் செய்யும், அதில் பயப்பட ஒன்றுமில்லை, மெக்கானிக்கே சொல்லியிருந்தான். ஆனால் இந்த சீட்டில் உட்கார்ந்தால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவர் காதில் போடுவதா என்று ஒரு தரம் யோசித்தேன்.

"அத்தான், பிரஷர் இறங்குது" என்றேன்.

அவர் மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உனக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்குத்தான் அத்தான்."

முன்னால் நின்ற வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் கையை எடுக்கவில்லை.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

சொன்னேன்.