திமிங்கிலம் பார்க்க வள்ளம் பிடித்த கதை

முல்லைத்தீவுக் கடலில் திமிங்கிலம் தெரிகிறது என்ற செய்தியை முள்ளியவளைக்குக் கொண்டு வந்தவர், சைக்கிளில் புடைவை கட்டி விற்கும் முஸ்லிம் வியாபாரி, எங்களுக்கு நானா. சித்திரை மாதம், கடல் குளம்போலக் கிடந்த காலம். தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்த எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் மட்டும் வாயைக் கொடுத்தேன்.

"என்ன பெரிய திமிங்கிலம்? எங்கடை குளத்து எருமை ஒண்டு உப்புத் தண்ணி குடிச்சு ஊதியிருக்கும். வாங்கோ நானா, போய்ப் பாத்திட்டு வருவம்."

கடை சிரித்தது. நானா சிரிக்கவில்லை. "அப்ப சரி மச்சான். ஞாயிறு போவம். வள்ளத்தை நீங்களே பாத்துப் பிடியுங்கோ. மாடு பாத்துப் பிடிக்கிற கண் உங்கட கண்."

வாயில் இருந்த தேத்தண்ணி மூக்கு வழியாக வந்தது.

நான் சின்னவனாக இருந்தபோது என் அண்ணன் கடல் பார்க்கும் ஆசையில் முல்லைத்தீவில் ஒரு வள்ளத்தில் ஏறிப் போனான். காற்று எழும்பியது. வள்ளம் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை. அப்படிப் போனவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அதைப் பேச வந்த ஐயரிடம் அம்மா, "வரப்போற பிள்ளைக்கு என்னத்துக்குக் கொள்ளி?" என்று கேட்டுப் படலையோடு திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடலைப் பற்றிக் கதை இல்லை. உப்புக்கூட ஏதோ மரத்தில் காய்த்ததுபோல வீட்டுக்கு வரும்.

பள்ளிக்கூடத்துப் பொடியள்தான் எனக்கு விளக்கம் தந்தார்கள். "உன்ரை கொண்ணனைத் திமிங்கிலம் விழுங்கிப் போட்டுதடா." அந்தத் திமிங்கிலம் என்னோடு சேர்ந்தே வளர்ந்தது. குளத்தில் இறங்கினால் காலடியில் நிற்கும். கிணற்றை எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு கரிய முதுகு மெல்லப் புரளும். அதன் வயிற்றுக்குள் அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பான், சாப்பிடாமல். நாற்பது தாண்டி, பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டுதான் தண்ணீர் அள்ளினேன். எனக்குக் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து மனைவி எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

சனிக்கிழமை கரைக்குப் போனோம். கடல்தொழில் முதலாளியான சம்மாட்டியாரின் வள்ளங்கள் இரண்டு மணலில் கிடந்தன. ஒன்று புதிது, பச்சை வர்ணம் மினுங்கியது. மற்றது பழசு. எனக்குத் தெரிந்தது மாடு பார்க்கும் வித்தை ஒன்றுதான், அதையே செய்தேன். பச்சை வள்ளத்தைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் நின்று குனிந்து பார்த்தேன். விலாவில் தட்டினேன். பலகையில் ஒரு கணு நீளவாக்கில் சுழித்துக் கிடந்தது. அது மாட்டில் இருந்தால் பாடைச் சுழி. கட்டினவன் வீட்டில் பாடை எழும்பும் என்பார்கள்.

"இது வேண்டாம்" என்றேன்.

சம்மாட்டியார் நரைத்த மீசைக்குள் சிரித்தார். "ஐயா, பல்லையும் ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோவன்."

பழைய வள்ளத்தை ஓர் உதை உதைத்தேன். அசையவில்லை. "சாது. இதைப் பிடிப்பம்."

"அது சாது இல்லை ஐயா, மண்ணுக்குள்ள தாண்டு கிடக்கு. தண்ணியும் கொஞ்சம் குடிக்கும்."

"குடிக்கிற மாடுதான் உழும்" என்று சொல்லிவிட்டேன். ஒருமுறை வாயைக் கொடுத்தவனுக்கு நிறுத்தத் தெரிவதில்லை.

என்னிடம் ஒரு கடைசி ஆயுதம் இருந்தது, அம்மா. கடலுக்குப் போகிறேன் என்று சொன்னால் படலைக்குக் குறுக்கே படுத்துவிடுவார். நான் நல்ல பிள்ளையாக வீட்டில் நிற்பேன், நானாவிடம் தாய் சொல்லைத் தட்டாதவன் என்று பெயரும் எடுப்பேன். அன்று பின்னேரம் குசினி வாசலில் நின்று குரலைக் கூட்டிச் சொன்னேன்.

"அம்மா, நாளைக்குக் கடலுக்குப் போறன். திமிங்கிலம் பாக்க."

அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"எவ்வளவு தூரம் போவியள்?"

"கண்ணுக்குக் கரை தெரியாத தூரம்" என்றேன். பயம் காட்டத்தான்.

"அப்ப சரி" என்றார். கத்தி மறுபடி ஓடியது.

விடிய எழும்பினேன். இரண்டு சோற்றுப் பொதிகளை அம்மா வாழையிலையில் கட்டி வைத்திருந்தார்.

"ரெண்டு எதுக்கம்மா?"

"ஒண்டு உனக்கு. மற்றது கொண்ணனுக்கு. கண்டால் குடு."

அம்மாவின் முகத்தில் விளையாட்டு இல்லை. பைத்தியமும் இல்லை. ஒட்டுசுட்டான் பஸ்ஸில் இருக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதுபோலச் சொன்னார். நான் வாங்கிப் பையில் வைத்தேன்.

குளத்தில் நீந்தப் பழகும்போது இடுப்பில் கட்டுகிற மாதிரி இரண்டு உரிக்காத தேங்காய்களைக் கட்டிக்கொண்டு நான் வள்ளத்தில் ஏறியதைச் சம்மாட்டியார் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். நானா அப்படி இல்லை. "மச்சான், திமிங்கிலத்துக்குத் தேங்காய்ச் சம்பலோ?"

சாது வள்ளம் பாதி வழியிலேயே தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. ஒரு தகரப் பேணியால் இறைத்தேன். இறைத்ததில் பாதி என் வியர்வை.

கரை மறைந்தது. அப்போது பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

எருமையின் மூச்சுத்தான், ஆனால் ஊரிலுள்ள எல்லா எருமையும் சேர்ந்து விட்ட மூச்சு. மீன் நாற்றத்தோடு தூறல் முகத்தில் விழுந்தது. கரிய முதுகு எழும்பியது, எழும்பிக்கொண்டே இருந்தது. பிறகு சரிந்து எங்கள் வள்ளத்தின் அடியால் போனது. நான் குனிந்து தண்ணீரைப் பார்த்தேன். கிணற்றில் பார்த்த அதே முதுகு. நாற்பது தாண்டிய ஓர் ஆள் "அண்ணை!" என்று கத்தினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். என் குரல்தான் அது.

"மச்சான், சாரத்தை விடுங்கோ" என்றார் நானா மெதுவாக. அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் முழுவதும் என் கைப்பிடிக்குள் இருந்தது.

அது போய்விட்டது. தண்ணீர் மூடிக்கொண்டது. பசித்தது. பையைத் திறந்தேன்.

"மற்றப் பொதி ஆருக்கு?" என்று சம்மாட்டியார் கேட்டார்.

சொன்னேன். அவர் துடுப்பை உள்ளே எடுத்து வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு வேறுபக்கம் பார்த்தார். நானாவும் பகிடி விடவில்லை. நான் இலையை அவிழ்த்துச் சோற்றைத் தண்ணீரில் விட்டேன். இலையையும் விட்டேன். கொள்ளி வைக்காத குறை தீர்ந்தது என்று அந்த நேரம் மனம் சொன்னது.

திரும்பும் வழியெல்லாம் சைக்கிளில் வசனம் பாடமாக்கினேன். அம்மா, அவன் இல்லை. சோற்றைக் கடலில் விட்டிட்டு வந்திட்டன். இனி ஐயரைக் கூப்பிடுவம். நேராகச் சொல்ல வேண்டும், பகிடி கலக்கக் கூடாது.

அம்மா படலையடியில் நின்றார். பையை வாங்கிக் கையை உள்ளே விட்டுத் துழாவினார். வெறும் பை. முகம் மலர்ந்தது.

"சாப்பிட்டவனோ?"

வாயைத் திறந்தேன். பாடமாக்கிய வசனம் எங்கேயோ போய்விட்டது.

"ஓம்."

"உறைப்புக் காணுமாமோ, இன்னும் போட வேணுமாமோ?"

"காணாதாம் அம்மா."

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. "எனக்குத் தெரியும். அவன் அப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனார்.

அடுத்த ஞாயிறு விடிய மிளகாய் வறுக்கிற புகையில் இருமிக்கொண்டு எழும்பினேன். பொதி ஒன்று கட்டியாயிற்று. மற்றதை அம்மா கட்டிக்கொண்டிருந்தார். நான் முகம் கழுவிவிட்டு, சம்மாட்டியாரிடம் பச்சை வள்ளத்தைக் கேட்க வேண்டும் என்று நினைத்தபடி சைக்கிளை எடுத்தேன்.