மருந்து இல்லை, கிம்ச்சி

தென்கொரியாவில் யொசு நகரத்துச் சந்தையில் மல்சுன் கடுகுக்கீரை கிம்ச்சி விற்க உட்கார்ந்தபோது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டோல்சான் தீவில் அவள் பிறந்த வீட்டைச் சுற்றி விளைந்ததெல்லாம் அந்தக் கீரைதான். அதை உப்பில் போட்டு வாட்டவும், அரிசிக் கஞ்சியில் மிளகாய்த்தூளும் பூண்டும் நெத்திலிச் சாறும் இஞ்சியும் கலந்து பூசிக் கிம்ச்சியாகப் புளிக்க வைக்கவும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவளுக்கு விற்க வராது. யாராவது விலை கேட்டால் முகத்தைக் கீழே போட்டுக்கொள்வாள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கடவுள் தொங்பாலை அனுப்பினார் என்று சந்தையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

தொங்பால் அவள் புருஷன். படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவன், ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சும்மா நிற்க முடியாமல் ஒரு முழுக் கீரைத்தண்டை எடுத்து, தலையை அண்ணாந்து, அப்படியே வாய்க்குள் இறக்கினான். காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சட்டைக்கையைச் சுருட்டிப் புஜத்தைக் காட்டி, "மருந்துய்யா, மருந்து! டாக்டர் வீட்டு வாசல் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது!" என்று கத்தினான். கூட்டம் கூடிவிட்டது. அதற்கப்புறம் அவன் படகுப் பக்கமே போகவில்லை.

சளிக்கா, மருந்து. மலச்சிக்கலா, மருந்து. நேற்றுக் குடித்த சோஜு இன்னும் தலையில் நிற்கிறதா, இந்தப் புளித்த தண்ணியில் ஒரு மடக்கு. ஊரெல்லாம் ஏதோ புதுக் காய்ச்சல் என்று பயந்து கிடந்த வருஷம் அவன் போட்ட கூச்சலில் அண்டா அண்டாவாகக் காலியானது. மல்சுன் மட்டும் ஒவ்வொரு புது அண்டாவைத் திறக்கும்போதும் ஒரு தளிரைக் கிழித்துச் சுருட்டி அவன் வாயில் வைத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அவன் மென்றுகொண்டே கூட்டத்தின் பக்கம் திரும்பி, "மருந்து!" என்பான். அவள் கேட்டது அதை இல்லை. உப்பு சரியா, நேற்றையதைவிட நன்றாக வந்திருக்கிறதா, அதைத்தான் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அதற்கு ஒரு பதில் வந்ததில்லை. கல்லா நிறைந்தது, மகள் போராம் படித்து வேலைக்குப் போனாள், மல்சுன் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

போன வருஷம் தொங்பாலுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். டாக்டர் வீட்டு வாசல் தெரியாது என்று ஊருக்கே சொன்ன மனுஷன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவான்? எரிந்தபோதெல்லாம் கிம்ச்சித் தண்ணீரை ஒரு கிண்ணம் குடித்தான். அடங்கவில்லை என்றால் இன்னொரு கிண்ணம். ஊற்றிக் கொடுத்தது மல்சுன்தான். இடுப்பில் பெல்ட் நிற்காமல் புது ஓட்டை போட்டபோதுகூட, "வயசானா இளைக்கத்தான் செய்யும், விடு" என்றான். கடைசியில் போராம் வந்து, அப்பாவைப் பார்த்ததும் அழுது, திட்டி, க்வாங்ஜு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வயிற்றில் புற்று. பெரும்பகுதி வயிற்றை எடுத்துவிட்டார்கள்.

மல்சுன் ஆபரேஷன் செய்த டாக்டரை வராந்தாவில் மறித்தாள். "நான் குடுத்த கிம்ச்சியாலதான் வந்துச்சா? ஒளிக்காமச் சொல்லுங்க."

"இதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. இது தடுக்கும்னும் சொல்ல முடியாது. முதல்ல எரிஞ்சப்பவே கூட்டிட்டு வந்திருந்தா இவ்வளவு வெட்டியிருக்க மாட்டோம். அது மட்டும் நிச்சயம்."

அது மட்டும் போதும் அவளுக்கு. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது மனுஷனைத் தின்றுவிடும். அவளையும் தின்றது.

அவள் மறுபடி கடை திறக்க வந்தது குளிர்காலக் கிம்ச்சி போடும் பருவத்தில். சியோலிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்கும் நேரம். சந்தை வாசலில் அவள் மூலைக்கடைக்கு மேலே ஒரு பெரிய பேனர் தொங்கியது. அதில் தொங்பால் புஜத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான், பழைய போட்டோ. "நாற்பது வருஷம் டோல்சான் கடுகுக்கீரை! இன்றுவரை ஒரு மாத்திரை தொட்டதில்லை! புற்று அண்டாது!" என்று சிவப்பில் எழுதியிருந்தது.

சந்தைச் சங்கத் தலைவர் யாங் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது, கூட்டம் குறைந்தால் தூக்கம் போய்விடும் ஜாதி. "போராம் அம்மா, கோவிச்சுக்காத. டிவியில இந்தக் கீரையைப் பத்தி ஒரு நிகழ்ச்சி போட்டுட்டான். சனம் அள்ளுது. தொங்பால் அண்ணன் வீட்டோடயே இருக்கட்டும், பருவம் முடியிற வரைக்கும் வெளிய தலை காட்ட வேண்டாம். யாராவது கேட்டா, மலையேறப் போயிருக்காருன்னு சொல்லிடு."

"எழுந்து கக்கூஸ் போகவே செவுத்தைப் புடிக்கிறாரு. எந்த மலை ஏறுவாரு?"

"ஒரு பேச்சுக்குத்தான் சொல்றேன். சந்தையில எத்தனை குடும்பம் இருக்கு, யோசிச்சுப் பாரு. மூலைக்கடை யாருக்குன்னு வருஷா வருஷம் சங்கம்தான் முடிவு பண்ணுது. அதையும் யோசி."

பக்கத்தில் கருவாடு விற்கும் பில்ரே அக்காவும் காதருகே வந்து, "வாயை மூடிக்கிட்டு வித்துட்டுப் போடி. ஆஸ்பத்திரிச் செலவுக்கு எங்க போவே?" என்றாள். நியாயம்தான். மல்சுன் கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். காலை முழுக்க விற்றாள். தலைக்கு மேலே புருஷன் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் வந்த பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி நேராக அவளிடம் வந்தாள். நல்ல கம்பளிக் கோட்டு, படித்த முகம். பேனரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பெரிய டப்பாவா குடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு மாசமா வயித்தெரிச்சல்" என்றாள்.

மல்சுனின் கை அண்டாவுக்குள்ளேயே நின்றது. "ஆஸ்பத்திரில காட்டினீங்களா?"

"அவர் வரமாட்டேங்கிறார். முதல்ல இதைக் குடுத்துப் பார்க்கலாம்னு..."

"இளைச்சிருக்காரா?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. டயட்ல இருக்கேன்னு சொல்றார்."

மல்சுன் எழுந்தாள். இத்தனை வருஷம் விலை சொல்லவே கூசியவள், முகத்தைக் கீழே போட்டுக்கொள்ளும் அதே மல்சுன், சந்தையின் அந்தக் கோடிவரை கேட்கிற மாதிரி கத்தினாள். "மேல தொங்குறானே, அவன் என் புருஷன்! நாப்பது வருஷம் இதைத் தின்னான்! அவனுக்கு இப்ப வயிறு இல்ல, வெட்டி எடுத்துட்டாங்க! எரியுது எரியுதுன்னு சொன்னான், நான் மடச்சி, கிம்ச்சித் தண்ணி ஊத்திக் குடுத்தேன்! உனக்கு நான் விக்க மாட்டேன். போ. அந்த ஆளை இழுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போ!"

கிம்ச்சி வெட்டுகிற கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது. ஸ்டூல்மேல் ஏறி பேனர் கயிற்றை அறுத்தாள். தொங்பாலின் முகம் மிளகாய் அண்டாமேல் சரிந்து விழுந்தது.

யாங் ஓடிவந்தார். "பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு? சந்தைக்கே மண்ணள்ளிப் போடுறியே!"

"சந்தை நல்லா இருக்கட்டும். நான் சமைக்கிறவ. வைத்தியச்சி இல்ல. ருசியா இருந்தா வாங்கட்டும், இல்லேன்னா துப்பிட்டுப் போகட்டும்!"

"கிம்ச்சி உடம்புக்கு நல்லதுன்னு உலகமே சொல்லுது!"

"நல்லதா இருந்தா இருந்துட்டுப் போகுது. நான் இல்லேன்னு சொன்னேனா? அதுக்காக அதுகிட்ட போய் வைத்தியம் பாக்கச் சொல்லாதே!"

அந்தக் கம்பளிக் கோட்டுக்காரி எதுவும் வாங்காமல் போனை எடுத்துக் காதில் வைத்தபடி பஸ்ஸை நோக்கி நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அந்த வாரமே சங்கம் கூடி மூலைக்கடையை வேறு ஒருத்திக்குக் கொடுத்தது. மல்சுனுக்குக் கிடைத்தது பின்பக்கம், மீன் கழுவுகிற தண்ணீர் ஓடும் சாக்கடை ஓரம். போராம் போனில், "அம்மா, தலைவர்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா என்ன?" என்றாள். "என் பொணம் கேக்கும்" என்றாள் மல்சுன். ஒரு அட்டையில் "மருந்து இல்லை. கிம்ச்சி." என்று பெரிதாக எழுதி, சாக்கடைப் பக்கம் பார்க்க நிறுத்திவைத்தாள். மீன்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் மத்தியானச் சோற்றுக்குக் கொஞ்சம் வாங்கவும் செய்தார்கள். முன்பு விற்றதில் கால்வாசிகூட ஓடவில்லை. அவள் அசரவில்லை.

வசந்தம் வந்தது. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக எதையும் சாப்பிட்டுப் பார்க்கலாம், காரத்தை மட்டும் அலசிவிடுங்கள் என்றார். ஒருநாள் தொங்பால் தடியை ஊன்றிக்கொண்டு சந்தையின் பின்பக்கத்துக்கு வந்து சேர்ந்தான். சட்டை அவன்மேல் கொடியில் காய்வதுபோல் தொங்கியது. அட்டையைப் படித்தான். சாக்கடையைப் பார்த்தான்.

"நல்ல இடமாத்தான் புடிச்சிருக்கே."

"வாயை மூடிக்கிட்டு உக்காரு."

உட்கார்ந்தான். அண்டாப் பக்கம் எட்டிப் பார்த்து, "ஒண்ணு குடேன்" என்றான்.

அவள் புது அண்டாவைத் திறந்து ஒரு தளிரை எடுத்தாள். பல் முளைத்த குழந்தைக்குக் கொடுப்பதுபோல் ஒரு கிண்ணம் தண்ணீரில் அலசினாள். சிவப்பெல்லாம் போய்க் கீரை பச்சையாக நின்றது. சிறிதாகக் கிழித்துச் சுருட்டி அவன் வாயில் வைத்தாள். எப்படி இருக்கு என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்த கேள்வி அது.

அவன் மெதுவாக மென்றான். இப்போது அவனுக்கு எதையும் வெகுநேரம் மென்றுதான் விழுங்க வேண்டும். திரும்பிப் பார்த்துக் கத்த அங்கே கூட்டமும் இல்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"இஞ்சி கொஞ்சம் தூக்கல்."

"என்னது?"

"இஞ்சிதான். உப்பு சரியா இருக்கு. நல்லாதான் இருக்கு. இஞ்சியைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

"தூக்கலா? நாப்பது வருஷமா இதே அளவுதான்யா போடுறேன்! இன்னிக்கு வந்து சொல்ற?" மல்சுனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கையுறை முழுக்க மிளகாய், துடைக்கவும் முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த தளிரைத் தண்ணீரில் போட்டாள். "ஒரு வாயில என்ன தெரியும் உனக்கு? இன்னொண்ணு தின்னு பாத்துட்டு ஒழுங்காச் சொல்லு."