கல்லூரி ஒன்று, வெப்சைட் இரண்டு

பக்கத்து வீட்டு செல்வி அக்கா இன்று ஜமுனாமரத்தூரில் உள்ள என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார். மகளை நர்சிங்கில் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும். நாளை கடைசி நாள்.

கல்லூரியின் பெயரைத் தேடினால் இரண்டு வெப்சைட் வந்தன. ஒன்று பளபளவென்று இருந்தது. மற்றொன்று மெதுவாகத் திறந்தது, ஏகப்பட்ட எழுத்துப்பிழை.

"பளபளன்னு இருக்கறதுதான் ஒரிஜினல்க்கா. மேல பூட்டுப் படம் பாருங்க."

"இன்னொண்ணுலயும் அதே பூட்டுதானப்பா இருக்குது?"

இருந்தது.

கல்லூரிக்கே போன் போட்டேன். "எது லேட்டா தொறக்குதோ, அதாங்க நம்மளுது" என்றார் ஒருவர்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த நம்பரை எடுத்ததே எழுத்துப்பிழை வெப்சைட்டிலிருந்துதான்.

"இப்ப இன்னா பண்றது?" என்றார் அக்கா. கல்லூரிக்கே போய் நேரில் கேட்டுவிடுவதாகச் சொல்லித் திருப்பத்தூர் பஸ் ஏறிவிட்டார்.

நீங்களெல்லாம் எதைப் பார்த்து நம்புகிறீர்கள்? அக்கா திரும்பி வருவதற்குள் சொல்லுங்கள், கடைக்காரன் மானம் பிழைக்கட்டும்.