புகை போகாத அடுப்படி

ஜப்பான் சண்டை நடந்த வருஷங்கள் அவை. பினாங்குக்குப் பிழைக்கப் போன என் வீட்டுக்காரர் அங்கேயே மாட்டிக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். பொன்னமராவதிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் நானும் என் நாலு வயது மகளும் இருந்தோம். துணைக்கு என் ஓரகத்தி, வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அவரை அக்கா என்றே கூப்பிடுவேன்.

மகளுக்கு மூச்சிழுப்பு. கோடையில் கொல்லையில் அடுப்பு மூட்டிச் சமாளித்தோம். ஐப்பசி மழை பிடித்ததும் அடுப்பு உள்ளே வந்தது. விறகு நனைந்திருந்தது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் அரைச்சுவர்தான். உலை வைத்தால் வீடு முழுக்கப் புகை. பிள்ளை மூச்சுக்குத் தவித்து, உதடு நீலம் பாரித்துவிடும்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்.

"புகைக்குள்ள வச்சுக்கிட்டு மருந்து குடுத்து என்ன பிரயோஜனம்? பிள்ளைய வேற எடத்துல விடுங்க. இல்லேன்னா புகைய வெளியேத்துங்க."

விடுவதற்கு எனக்கு வேறு இடம் இல்லை. புகைபோக்கி வைத்துத் தரச்சொல்லிக் கொத்தனாரைக் கெஞ்சினேன். "மழை விடட்டும்மா. ஈர ஓட்டுல எவன் கால் வைப்பான்?" என்று போய்விட்டார்.

மழை விடும்வரை பிள்ளை இருக்குமா?

நாங்களே இறங்கினோம். குயவர் வீட்டில் சுட்ட மண்குழாய்கள் வாங்கி வந்தோம். அடுப்புக்கு மேலே மூங்கில் தப்பைகளைக் கட்டி, களிமண் அப்பி, கவிழ்த்த கூடைபோல ஒரு மூடி செய்தோம். அதன் உச்சியிலிருந்து குழாயை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, பரண் பலகையில் ஏறி நின்று கூரையில் இரண்டு ஓடுகளை நீக்கி வெளியே விட்டோம். முதல் நாள் புகை ஒழுங்காகப் போயிற்று. அக்கா என்னைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் வாடைக்காற்று திரும்பியது. போன புகையெல்லாம் குழாய் வழியே குபுகுபுவென்று உள்ளே இறங்கியது. மழையில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். குழாய் வாய் கூரை முகட்டைவிடத் தாழ்வாக இருந்தது. முகட்டைத் தாண்டி வந்த காற்று அதன் மேலேயே விழுந்து அமுக்கியது.

ஏணியைச் சாத்தினேன்.

"பொம்பள கூரையேறுனா ஊரு என்ன பேசும்?" அக்கா பதறினார்.

"பேசிட்டுப் போகட்டும்க்கா. நீங்க ஏணியப் பிடிங்க."

ஓடு வழுக்கியது. காலுக்கடியில் ரெண்டு நொறுங்கின. குப்புறப் படுத்தபடியே நகர்ந்து, இன்னும் ரெண்டு குழாயை முகட்டுக்கு மேலே ஏற்றிக் கம்பியால் இறுக்கினேன். தெருவில் யாரோ நின்று பார்ப்பது தெரிந்தது. திரும்பவில்லை.

இறங்கி வந்து அடுப்பு மூட்டினால், இப்போதும் புகை மேலே ஏறாமல் மூடியைச் சுற்றி வழிந்தது. மகளுக்கு அழக்கூட மூச்சு இல்லை; என் சேலையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். எனக்கு வெறி பிடித்தது. எல்லாவற்றையும் உடைத்துப் போடலாம் என்று உலக்கையைத் தூக்கினேன்.

அக்கா பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தார். உடனே தீ நிமிர்ந்தது. புகை சுருண்டு மூடிக்குள் ஏறியது. காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டதும் மறுபடி வழிந்தது.

"அக்கா, திரும்பத் தெறங்க!"

திறந்தார். ஏறியது.

காற்று திரும்பியதிலிருந்து சாரலுக்குப் பயந்து எல்லாக் கதவையும் அடைத்துவைத்திருந்தோம். உள்ளே காற்று வர வழியில்லாமல் புகை எப்படி வெளியே போகும்? உலக்கையைப் போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில், சுவரின் அடியில், கை நுழைகிற அளவுக்கு ஒரு துளை போட்டேன். கதவைச் சாத்திப் பார்த்தோம். புகை மேலேயே போயிற்று.

இழுப்பு அதோடு விட்டுவிடவில்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால், அந்த மழைக்காலம் முழுக்க அவளை உட்காரவைத்தே தூங்கப் பண்ணினோம். இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் பலமுறை போயிற்று. கார்த்திகைக் கடைசியில் ஒரு மத்தியானம், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது, அவளாகவே தரையில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிப்போனாள். பாத்திரம் ஓசைப்பட்டு விழித்துவிடுவாளோ என்று அக்காவும் நானும் சோற்றை இறக்காமல் உட்கார்ந்திருந்தோம். சோறு குழைந்துபோயிற்று.