எங்களைக் காட்டிக்கொடுத்த குளிர்

போன டிசம்பர் விடுமுறைக்கு மதுரை போவது தெரிந்தால் நகைக்காகத் திருடன் வந்துவிடுவான் என்று பயந்து, நாங்கள் குடியிருக்கும் அமெரிக்க ஊரான ரவுண்ட் ராக்கில் யாரிடமும் நாங்கள் சொல்லவில்லை. கொல்லையிலிருந்த கோழிக்கூண்டில் வைக்கோல் பரப்பி, ஹீட்டர் வைத்து, தீவனமும் நிரப்பிவிட்டுக் கிளம்பினோம்.

நாங்கள் மதுரைக்கு வந்த பிறகு ரவுண்ட் ராக்கில் உறைபனி. கரண்ட் போய், போனில் நாங்கள் பார்த்துவந்த கூண்டுக் கேமரா இருண்டுவிட்டது.

"கோழிங்க விறைச்சுப் போயிடும். பக்கத்து வீட்டு லிண்டாவுக்கு கால் பண்ணுங்க," என்றாள் மனைவி.

"நாம ஊர்ல இல்லைன்னு தெரிஞ்சிடுமே?"

"தெரிஞ்சா தெரியட்டும்."

அழைத்தேன். கோழிகள் தன் வீட்டில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் படுத்திருப்பதாக லிண்டா சொன்னார். நாங்கள் பெட்டிகளோடு கிளம்பியதைப் பார்த்த நாளிலிருந்து, எங்கள் வீட்டின் மீதும் ஒரு கண் வைத்திருந்தாராம்.

இந்த டிசம்பரில் சாவியை அவரிடமே கொடுத்தேன். அவர் சாதாரணமாகத்தான் வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.