பொட்டு வைத்த நோட்டு

மூன்று வருடத்துக்கு முன்பு, என் மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்த கையோடு, காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுச் சாமி அலமாரி முன்னால்தான் எனக்கும் என் தம்பிக்கும் இந்தச் சண்டை ஆரம்பித்தது.

அந்த அலமாரியில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரூபாய் நோட்டு சட்டத்துக்குள் இருக்கும். அரசாங்க நோட்டு இல்லை. தனியார் பேங்குகள் சொந்தமாக நோட்டு அடித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்தது. எங்கள் முன்னோர் யாரோ நெய்த புடவைக்கு ஒரு வியாபாரி அதைக் கொடுத்தாராம். காசாக மாற்றப் போவதற்குள் பேங்கையே மூடிவிட்டார்களாம். ஏமாந்த நோட்டு. தூக்கிப்போட மனசில்லாமல் சாமியிடம் வைத்துவிட்டார்கள். ஆயுத பூஜையன்று தறிக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் ஒரு பொட்டு வைப்போம். சட்டத்தின் கண்ணாடி எப்போதோ உடைந்துவிட்டதால் பொட்டெல்லாம் நேரே காகிதத்தில்தான்.

என் தம்பி ஊரை ஒட்டிய செவிலிமேட்டில் இருக்கிறான். வேன் ஓட்டுகிறான். எவனோ போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு நாள் காலையில் வந்து நின்றான்.

"அண்ணா, இந்த மாதிரி நோட்டு லட்சக்கணக்குல போவுதாம். பாதி எனக்கு வரணும்."

"பாகம் பிரிச்சப்ப இதக் கேட்டியாடா?"

"அப்போ அது வெறும் காகிதம்ணா."

எனக்கு வாயை அடக்கத் தெரியாது. அவன் மாமனார் வீட்டையும் இழுத்து ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, "உன் வூட்டுக் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன், போ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

சின்ன வயதில் அவன் தோளிலேயே கிடந்தவள் என் மகள். "சித்தப்பா இல்லாம எனக்கு இன்னா கல்யாணம்பா?" என்று அழுதாள். என் மனைவி அழவில்லை. "அத்த வித்துத் தொலைச்சிட்டு அண்ணனும் தம்பியும் ஒண்ணா வந்து மணமேடைல நில்லுங்க" என்றாள்.

சென்னையில் பழைய காசு, நோட்டு வாங்குகிறவர்கள் கூடும் கண்காட்சி ஒன்று நடந்தது. நான் தனியாகப் போய் விலை பேசிவிடுவேன் என்று அவனும் வந்தான். ரயிலில் இருவருக்கும் நடுவில், துண்டில் சுற்றிய சட்டம். பூஜை செய்தவன் நான், கால் பங்குக்கு மேல் தருவதில்லை என்று நான் மனசுக்குள் தீர்மானித்திருந்தேன். வழியில் டீ வாங்க இறங்கியபோது சட்டத்தையும் கையோடு எடுத்துக்கொண்டேன். அவனும் பின்னாலேயே இறங்கினான். இரண்டு டீ வாங்கினேன். ஒன்றை அவன் வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டே குடித்தான்.

கண்காட்சியில் ஒரு வியாபாரி நோட்டை வெளியே எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"அசல்தான் சார்."

தம்பி என்னைப் பார்த்தான். அவர் நோட்டைத் திருப்பினார்.

"பின்னாடி பசை போட்டு அட்டைல ஒட்டியிருக்கீங்க. முன்னாடி இன்னா சார் இது, இவ்ளோ கறை?"

"கறையா? சாமிக்கு வெச்ச பொட்டுய்யா அது! வாயக் கழுவு!" என்று நான் கத்தினதில் பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. "ஓரத்துல இருக்கிற பொட்டு போனா போவுது சார். இந்தப் பெருசு கையெழுத்து மேலயே, தேதி மேலயே இருக்குது. அது ரெண்டும் தெரியாத நோட்ட நல்ல வெலைக்கு எவன் வாங்குவான்? கழுவித் தரேன்னு எவனாச்சும் வருவான், குடுத்துடாதீங்க. கரைஞ்சிடும். எடுத்துக்கினு போய் சாமிகிட்டயே வையுங்க."

தம்பி குனிந்து அந்தப் பெரிய பொட்டைப் பார்த்தான். ஒழுங்கான பொட்டு இல்லை அது. ஒரு கட்டை விரலை அழுத்தி இழுத்த தடம். எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஒரு ஆயுத பூஜையில், "நான்தான் வெப்பேன்" என்று இவன் தரையில் புரண்டு அடம்பிடித்தான். அப்பா தூக்கிப் பிடித்துக்கொள்ள, விரல் நிறையக் குங்குமத்தை எடுத்து அப்பினான். அன்றைக்கும் நான் இவனைத் திட்டினேன்.

"அண்ணா... இது நான் வெச்சதுல்ல?" என்றான் மெதுவாக.

"ஆமாண்டா. வெரலாலயே லட்ச ரூபாய அமுக்கிட்ட."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. வியாபாரி எங்களைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார்.

திரும்பி வரும்போது சட்டம் அவன் மடியில் இருந்தது. நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். கல்யாணத்தில் மணமேடையிலும் நின்றான், பந்தியிலும் நின்றான். என்னைவிட அவன் சத்தம்தான் அதிகம்.

இப்போதும் ஆயுத பூஜைக்கு வந்து அந்தப் பழைய பொட்டின் மேலேயே கட்டை விரலை வைக்கிறான். அன்றைக்கு அந்த நோட்டு விலை போயிருந்தால் பணம் வந்திருக்கும், தம்பி போயிருப்பான் என்று நினைக்கும்போது, எவனிடமும் பணிந்து பேசாத நான் அந்தச் சிவப்புக் கறையை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தறியில் உட்காருகிறேன்.